எட்டரை மணி வரை வேதாந்தம்

மயிலாப்பூரில் வேதாந்த பாஷ்ய வகுப்பு எடுக்கும் ராகவேந்திரன் ஐயாவுக்கு, தி.நகர் எவர்சில்வர் கடை பொன்னுரங்கம் வணக்கம் வைத்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் பொண்ணு லாவண்யா மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் பையனும் அப்படித்தான் என்று கேள்வி.

அவங்க ரெண்டு பேரும் கட்டினா இவரைத்தான், இவளைத்தான் என்று நின்றபோது, சம்பந்தி ஆகப்போகிறவரிடம் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்க்கத்தான் வகுப்புக்கு வந்தேன். கடை திறக்கணும், எட்டரைக்குக் கிளம்பிவிடுவேன். கேட்டவரைக்கும் ரொம்பப் பிடித்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு வருகிற மாதிரி உடம்பில் வந்ததுதான் உயிர், செத்தால் அதோடு சரி, மேலோகம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் யார்? அந்தக் காலத்திலேயே வியாபாரி மாதிரி யோசித்திருக்கிறாரே, பாஷ்யம் எழுதின மனுஷன்! வகுப்புக்கு டம்ளர் நன்கொடை கொடுத்தவன் என்று ஆண்டு விழாவில் என் கையில் மைக்கைக் கொடுத்தபோது, "மேலோகம் கிடையாதுன்னு பாஷ்யக்காரரே சொல்லிட்டாரு, இனிமே தெவசம் வீண்செலவு"ன்னேன். முன்வரிசை முழுக்க தெவசம் பண்ணிவைக்கிற வாத்தியார்கள். ஒருத்தரும் கைதட்டவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்: "பொன்னுரங்கம், தினம் எத்தனை மணிக்குக் கிளம்பறேள்?"

"எட்டரைக்கு."

"எதிராளி வாதத்தை அவனைவிட பலமாச் சொல்லிட்டுத்தான் பாஷ்யக்காரர் அதை வெட்டுவார். சொல்றது பூர்வபக்ஷம், வெட்டறது சித்தாந்தம். சித்தாந்தம் எட்டரைக்கு மேல."

உங்கள் சம்சாரம் நீரஜா அம்மா வேறு, "பாதியில எழுந்து போறவாளோட சம்பந்தம் பண்ணிண்டா, தாலி கட்டறச்சே கடை திறக்கப் போயிடுவா"ன்னாங்க. அன்றோடு கல்யாணப் பேச்சு நின்றது.

யோசித்தால் நின்றதே நல்லது. உங்க வீட்ல வெங்காயமே வாசலோட சரி. எங்க வீட்ல ஞாயித்துக்கெழம நொச்சிக்குப்பத்து வஞ்சிரம் மீன். உங்க பையன் கத்திரிக்காய்க்காரன் சொன்ன விலையைக் குடுத்துட்டு தேங்க்ஸும் சொல்றவர். என் பொண்ணு போன்ல பேசினா பாண்டி பஜாருக்கே கேக்கும். ரெண்டு சரக்கும் ஒரே அலமாரியில நிக்காது. விட்டுடுவோம், மனஸ்தாபம் வேணாம்.

கபாலீஸ்வரர் உங்கள் வீட்டை நல்லபடி வைக்கட்டும்.

பொன்னுரங்கம்

பி.கு.: நேற்று வகுப்பு முடியும்வரை தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து நேற்றுத்தான் லேட்டாகத் திறந்தது. ஆகவே, விட்டுடுவோம் என்று மேலே எழுதியது பூர்வபக்ஷம். சித்தாந்தம்: வெள்ளிக்கிழமை பூ, பழத்தட்டோடு வருகிறோம். மேலே என் கையெழுத்தோடு முடிந்தது என்று கடிதத்தை மடித்து வைத்திருந்தால், பாதியில எழுந்து போறவான்னு நீரஜா அம்மா சொன்னது உங்களுக்கும்தான்.