ஒழுகாத ராம்ஸ்டேல்

காலை எட்டரைக்கு நெவிலின் லாரிக்கு அடியில் வைத்த தட்டு காலியாக இருந்தது.

பழைய வண்டிகளின் போட்டித் திடலில் ஐந்து ராம்ஸ்டேல் லாரிகள் வரிசையாக நின்றன. ஐந்தும் அறுபது வருடத்துக்கு மேல் பழையவை. ஐந்தும் ஒரே கரும்பச்சை. மற்ற நான்கின் தட்டிலும் கறுப்பாக ஆயில் தேங்கியிருந்தது. திடலின் புல் கெடக்கூடாது என்பதற்காக வைக்கும் தட்டு. நெவில் வைத்திருந்தது அவர் மனைவி மேவிஸ் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டும் தட்டு. குனிந்து பார்த்தால் அதில் முகம் தெரிந்தது.

பக்கத்து லாரிக்காரர் கோர்டனும் குனிந்து பார்த்தார்.

"என்னய்யா, ஆயில் ஊத்த மறந்துட்டியா?"

"ஊத்தியிருக்கேன்."

"எங்க, குச்சிய எடு பாப்போம்."

நெவில் அளவுக்குச்சியை உருவிக் காட்டினார். மேல்கோடு வரை ஆயில் இருந்தது.

"அப்ப ஏன் ஒழுகல?"

நெவிலுக்கும் அதுதான் தெரியவில்லை.

"என்னோடது நிமிஷத்துக்கு ஆறு சொட்டு," என்றார் கோர்டன். "இன்ஜின் பின்பக்கம், இடது மூலை. அப்படியே அசல்."

அசல் மாறாத வண்டிக்குத் தரும் கோப்பையை கோர்டன் நான்கு முறை வாங்கியவர்.

நடுவர் ஹார்கிரீவ்ஸ் வந்தார். முழங்காலுக்கு ஒரு சிறிய மெத்தை கையோடு கொண்டுவருவார். அதைப் போட்டு மண்டியிட்டு, தட்டில் விரலை வைத்துத் தேய்த்து, விரலை முகர்ந்தார்.

"ஆயில் தொட்டிக்கு ரப்பர் பேக்கிங் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. தக்கைதான். நானே வெட்டினேன். ஒரு குளிர்காலம் பூரா சாப்பாட்டு மேசையில ஒக்காந்து வெட்டினேன்."

"நான் சாட்சி," என்றாள் மேவிஸ். லாரியின் படியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். "அந்தக் குளிர்காலம் பூரா நாங்க மாடிப்படியில ஒக்காந்துதான் சாப்பிட்டோம்."

ஹார்கிரீவ்ஸ் எழுந்தார். "ராம்ஸ்டேல்னா ஒழுகும். ஒழுகலைன்னா உள்ள ஏதோ புதுசா இருக்கு. ரெண்டு மணிக்குத் திரும்ப வரேன். அப்பவும் இப்படியே இருந்தா, மன்னிச்சுக்கங்க, வண்டிய அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டியதுதான்."

அந்தப் பக்கம் என்றால் கழிப்பறைகளுக்குப் பின்னால். அசலை மாற்றிய வண்டிகள் நிற்கும் இடம். இந்த வருடம் அங்கே சவ வண்டியை ஐஸ்கிரீம் வண்டியாக்கிய ஓர் ஆள் நின்றான். நல்ல வியாபாரம்.

நெவில் இந்த லாரிக்கு ஒன்பது வருடம் கொடுத்திருந்தார். அதன் தலைப்பகுதியை ஒரு பண்ணைக்காரர் கோழிக் கூடாக வைத்திருந்தார். கோழிகளைச் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றார். நெவில் எடுத்தார். ஒவ்வொரு திருகும் அந்தக் காலத்துத் திருகு. கோப்பை கிடைக்காவிட்டால் அழுகை வரும். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தால் அழுகைகூட வராது.

"லேசா ஒரு போல்ட்ட தளர்த்தினா என்ன?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள் மேவிஸ். "தளர்த்து."

ஸ்பேனரோடு அடியில் போனார். ஆயில் தொட்டியின் அடிப் போல்ட்டைக் கால் சுற்று திருப்பினார். ஒன்றும் இல்லை. அரைச் சுற்று. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம்.

போல்ட் கையோடு வந்தது. பின்னாலேயே மொத்த ஆயிலும் வந்தது.

"ஒழுகுது!" என்று கத்தினார் கோர்டன்.

நெவில் வெளியே வந்தபோது கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

"இத எப்படிய்யா அவர்கிட்ட சொட்டுன்னு சொல்லுவ?" என்றார் கோர்டன். "இதுல வாத்து விடலாம்."

மேவிஸ் தட்டை ஒரு வாளியில் கவிழ்த்து, கழுவி, துடைத்தாள். கோர்டன் தன் டின்னிலிருந்து ஆயில் கொடுத்தார். தோற்கப் போகிறவனுக்குத்தான் மனிதன் அப்படிச் சந்தோஷமாகக் கொடுப்பான். நெவில் போல்ட்டை மறுபடி முடுக்கி, அவசரத்தில் அளவு பார்க்காமல் முழு டின்னையும் ஊற்றினார்.

"சூடானா ஒழுகும்," என்றார் கோர்டன். "ஓட விடு."

இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. கூடுதல் ஆயில் புகையானது. வெள்ளைப் புகை திடலைக் குறுக்கே கடந்து தேநீர்க் கூடாரத்துக்குள் போனது. கூடாரத்தின் மறுபக்க வாசல் வழியாக மக்கள் ரொட்டியோடு வந்தார்கள். பித்தளை வாத்தியக் குழு பாதிப் பாட்டில் நின்றது. மூச்சு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

புகை அடங்கியதும் நெவில் குனிந்து பார்த்தார். தட்டு காலி.

"என்ன பாவம் பண்ணேன்?" என்றார்.

"ரொம்ப நல்லா செஞ்சுட்ட," என்றாள் மேவிஸ். "அதான் பாவம். நம்ம குளியலறைக் குழாய இப்படிச் செஞ்சிருக்கலாம்."

தட்டில் கையால் ஆயில் ஊற்றுகிறவரை மூன்று வருடம் விலக்கி வைப்பார்கள். விதி பதினொன்று. யாரோ ஒருவர் செய்யப்போய் வந்த விதி. நெவில் அந்த விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மேவிஸ் மதியத்துக்கு வாங்கி வந்திருந்த இறைச்சிப் பணியாரத்தைப் பார்த்தார். கூடவே ஒரு குவளையில் கிரேவி இருந்தது. கறுப்பாக இருந்தது.

"வேண்டாம்," என்றாள் மேவிஸ்.

"கிரேவியப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

"நெவில்."

"இடது மூலைக்கு நேரா ரெண்டு ஸ்பூன். அவ்வளவுதான்."

ஒன்றே முக்காலுக்கு ஹார்கிரீவ்ஸ் சீக்கிரமே வந்துவிட்டார். அவருக்கு முன்னால் ஒரு குட்டைக்கால் நாய் வந்திருந்தது. லாரிக்கு அடியிலிருந்து நக்கும் சத்தம் கேட்டது. வால் மட்டும் வெளியே ஆடியது.

ஹார்கிரீவ்ஸ் மெத்தையைப் போட்டு மண்டியிட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆயில் குடிக்கிற நாய இப்பதான் பாக்குறேன்," என்றார்.

"தாகம் போல," என்றாள் மேவிஸ்.

தட்டு காலையைவிடச் சுத்தமாக இருந்தது.

"பதினஞ்சு நிமிஷம் இருக்கு," என்றார் ஹார்கிரீவ்ஸ். கழிப்பறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

நெவில் புல்லில் உட்கார்ந்தார். பிறகு மேவிஸிடம் கையை நீட்டினார்.

"ஊசியக் குடு."

"உருவினா கண்ணி எல்லாம் போயிடும்."

"போகட்டும்."

மேவிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னல் ஊசியை உருவிக் கொடுத்தாள். ஸ்வெட்டரின் ஒரு கை அவிழ்ந்து தொங்கியது.

நெவில் அடியில் ஊர்ந்தார். இன்ஜின் பின்பக்கம், இடது மூலை. தொட்டியின் விளிம்பில் தக்கை ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. எங்கும் பிசிறு இல்லை. அவர் வாழ்க்கையில் ஒழுங்காக வந்த வேலைகளில் அது ஒன்று. ஊசியை அங்கே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு குத்தினார்.

சொட்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்.

கோர்டன் கைக்கடிகாரத்தைப் பிடித்து எண்ணினார். முகம் மாறியது. மறுபடி எண்ணினார்.

"ஏழு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

இரண்டு மணிக்கு ஹார்கிரீவ்ஸ் மண்டியிட்டு, விரலை வைத்து, முகர்ந்தார். சிரித்தார். அன்றைக்கு முதல் சிரிப்பு.

"இதுதான் ராம்ஸ்டேல். உங்களச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கங்க."

தாளில் குறித்தார். கூட்டம் கைதட்டியது. மேவிஸ் கைதட்டவில்லை, அவிழ்ந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நெவில் சட்டைக்கையால் கண்ணைத் துடைத்தார். முகத்தில் ஆயில் இன்னும் நன்றாகப் பரவியது.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி சிறப்பு விருந்தினரை அழைத்தது. எல்சி ஆர்மரோட், தொண்ணூற்றொரு வயது. ராம்ஸ்டேல் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்பதைப் போட்டி நடத்தும் சங்கம் இந்த வருடம்தான் கண்டுபிடித்திருந்தது. மதிப்பெண் என்னவானாலும் கோப்பை யாருக்கு என்பதை அவரே சொல்லட்டும் என்று விட்டிருந்தார்கள்.

எல்சி கைத்தடியோடு வரிசையின் ஓரத்திலிருந்து மெதுவாக வந்தார். ஹார்கிரீவ்ஸ் கோப்பையோடு பின்னால் வந்தார். எல்சி லாரிகளைப் பார்க்கவில்லை. தட்டுகளைத்தான் பார்த்தார். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் நின்று தலையை ஆட்டினார்.

"விவரம் தெரிஞ்சவங்க," என்று கோர்டன் முணுமுணுத்தார்.

கடைசியில் நெவிலின் தட்டுக்கு வந்தார். நின்றார். சொட் என்று ஒன்று விழுந்தது.

"நிமிஷத்துக்கு ஏழுங்கம்மா," என்றார் நெவில். "இடது மூலை."

எல்சி தலையை ஆட்டினார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஹார்கிரீவ்ஸைப் பார்த்தார்.

"ஃபேக்டரி வாசல்ல வெள்ளைத் துணிய விரிச்சு, வண்டிய மேல நிறுத்தி, ஒரு சொட்டு விழுந்தாலும் திருப்பி அனுப்புறதுதான்பா என் வேலை. காலையில நான் கார்ல உள்ள வரும்போது இங்க ஒரே ஒரு வண்டிக்கு அடியில தட்டு பளபளன்னு காலியா இருந்துச்சு, கோப்பைய அதுக்குத்தான் குடுக்கணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். அந்த வண்டி கெளம்பிடுச்சா?"