யோகாம்பாள் பெரியம்மாவின் மரண அறிவித்தல்

யாரைக் கொல்வது என்று யோசித்தபடி, ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் உடைமாற்றும் அறையில் சிறிதேவி உட்கார்ந்திருந்தாள்.

லண்டனுக்குப் போக லீவு வேண்டும். 2006 மார்கழி, கிறிஸ்மஸ் நெருக்கடி. செத்தவீடு என்றால் மட்டும்தான் லீவு என்று பொறுப்பாளர் அன்று காலையில் சொல்லிவிட்டாள். லண்டனிலோ பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் சிறிதேவிக்கு வேடம் காத்திருந்தது. நாலு வசனம் பேசும் வேடம்!

நாலு வசனம்தானே என்று உங்களுக்கு இளக்காரமாக இருக்கும். நோர்வேத் துப்பறியும் தொடர்களில் அவள் ஆற்றில் மிதந்திருக்கிறாள், காரின் பின்பெட்டிக்குள் கிடந்திருக்கிறாள், வடகோடி ஹம்மர்பெஸ்டில் பனிக்குள் சேலையோடு செத்துக் கிடந்து நிமோனியாவும் வாங்கி வந்திருக்கிறாள். உயிரோடு வந்த வேடங்களில் தரை துடைத்தாள். வாயைத் திறக்க ஒருத்தனும் விடவில்லை. வயதும் ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. இதை விட்டால் இனிப் பிணமாகவே ஓய்வுபெற வேண்டியதுதான்.

அம்மாவைச் சாகடிக்க வாய் வரவில்லை. மாமியாரைச் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மனுசி ஒஸ்லோவிலேயே, ரொம்சோஸில் குத்துக்கல்லாட்டம் இருந்தார். கடைசியில் லண்டனில் தனியே இருக்கும் யோகாம்பாள் பெரியம்மா அகப்பட்டார். கணவர் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. அவருக்கு யாரும் போன் எடுப்பதில்லை. இதைவிட வசதியான ஆள் கிடைக்காது.

லீவு கிடைத்தது. பொறுப்பாளர் கட்டியணைத்து ஆறுதலும் சொன்னாள். ஆனால் அலமாரிக்குப் பின்னால் மங்களேஸ்வரி நின்றாள். கூட வேலை செய்பவள், வாயில் எதுவும் தங்காது.

“ஐயோ தேவியக்கா! ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“செத்தவீடு லண்டனிலைதானே. இஞ்சை ஆரையும் கரைச்சல்படுத்த வேண்டாம். நீரும் சொல்லிப்போடாதையும்.”

“உங்கடை குணம் ஆருக்கு வரும்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள், நேரே சின்னராசாவுக்குப் போன் எடுத்தாள். ஒஸ்லோத் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவர் அவர்தான்.

பின்னேரம் சிறிதேவியின் கணவன் இராசதுரை வானொலியைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

“கரவெட்டியைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட திருமதி யோகாம்பாள் அவர்கள் இயற்கை எய்தினார். தகவல், பெறாமகள் சிறிதேவி, ஒஸ்லோ.” பிறகு வீட்டுத் தொலைபேசி இலக்கம்.

“என்னப்பா, பெரியம்மா மோசம் போயிட்டாவே?”

அவள் உண்மையைச் சொன்னாள். அவன் தலையில் கைவைத்தான்.

“விசரே உமக்கு? உயிரோடை இருக்கிற மனிசியை! உடனை சின்னராசா அண்ணைக்கு எடுத்து நிப்பாட்டும்.”

எடுத்தாள். “அண்ணை, இதைப் பெரிசுபடுத்த வேண்டாம். அவ ஆடம்பரம் விரும்பாத மனிசி...”

“சும்மா இரும் தங்கச்சி. பிள்ளையில்லாத சீவன், அநாதை மாதிரிப் போகலாமே? லண்டன் றேடியோவுக்கும் குடுத்திட்டன். ஐரோப்பா முழுக்கக் கேக்கும்.”

“அப்ப பெரியம்மாவும் கேட்டிருப்பா,” என்றான் இராசதுரை. “எடுத்து மன்னிப்புக் கேளும். கடைசியா எப்ப கதைச்சனீர்?”

“சோபிகா பிறந்த நேரம்.”

அவர்களுடைய மகள் சோபிகா இப்போது மூன்றாம் வகுப்பு.

பெரியம்மா வீட்டில் மணி போய்க்கொண்டே இருந்தது. “எடுக்கேல்லை. கோவம்போல.” மறுபடி எடுத்தாள். “சரியான கோவம்.”

அதற்குள் வாசலில் ஆட்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று மங்களேஸ்வரி இடியப்பமும் சொதியுமாக முன்னே வந்தாள். பின்னால் சின்னராசாவும் சனமும். இராசதுரை உரித்த வெங்காயத்தைச் சோபாவுக்குக் கீழே தள்ளினான்.

சிறிதேவி அழ வேண்டியதாயிற்று. பாவம், பழக்கமில்லை. பிணங்கள் எங்கே அழுவது? எதையாவது சொல்லிப் பார்ப்போம் என்று தொடங்கினாள்.

“பள்ளிக்கூட நாடகத்திலை நான் ராணியா நடிக்கேக்கை, தன்ரை கூறைச்சீலையை எடுத்து எனக்குக் கட்டிவிட்டவ. முன்வரிசையிலை இருந்து கைதட்டினவ. என்ரை பிள்ளை பெரிய நடிகையா வருவாள் எண்டு ஊரெல்லாம் சொன்னவ...”

அது உண்மை. சொல்லும்வரை அவளுக்கே நினைவில்லை. இப்போது நிசமாகவே அழுதாள். வெட்கமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து போன், நாடகத்துக்கு ஆள் எடுக்கும் பெண். இயக்குநருக்குச் சந்தேகமாம், வசனத்தை இப்போதே பேசிக் காட்ட வேண்டுமாம். சிறிதேவி அறைக்குள் நழுவப் பார்த்தாள். மங்களேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதிலையே கதையுங்கோ அக்கா. தனியப் போய் மயங்கி விழுந்திடுவியள்.”

என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் கதறினாள். என் மகன் கொலைகாரன் இல்லை! அன்றிரவு அவன் என்னோடுதான் இருந்தான்! அவனை விடுங்கள்! அவன் சின்னப் பையன்! பொலிஸ் பிடித்த பையனின் தாய், அதுதான் வேடம்.

வீடு திடுக்கிட்டது.

“கொலையோ?”

“ஆரின்ரை மகன்? இவைக்கு ஒரு பெட்டைதானே?”

சின்னராசா பேனையை எடுத்தார். “இயற்கை எய்தினார் எண்டெல்லோ வாசிச்சுப்போட்டன். மாத்த வேணும்.”

லண்டன்காரிக்கோ நல்ல சந்தோசம். வேடம் உனக்குத்தான், வியாழக்கிழமை படப்பிடிப்பு என்று சொல்லிப் போனை வைத்தாள். முதன்முதலாக வாய்திறந்து ஒரு வேடத்தை வாங்கியிருக்கிறாள், சிரிக்கக்கூட வழியில்லை. சுற்றிவர எல்லோரும் பெரியம்மாவுக்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

போன் திரும்ப அடித்தது. லண்டன் இலக்கம், பெரியம்மாவுடையது. போதும், லீவு போனாலும் போகட்டும், வேடம் போனாலும் போகட்டும் என்று சிறிதேவி எல்லோர் முன்னாலும் எடுத்தாள்.

“பெரியம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான்தான்...”

“நான் கிளெமென்ற், அக்கா. அம்மாவின்ரை கீழ் வீட்டுக்காரன்,” என்றது ஒரு குரல். “றேடியோவிலை கேட்டிட்டு வந்து தட்டினன், சத்தமில்லை, பொலிசைக் கூப்பிட்டுக் கதவை உடைச்சனாங்கள். மனிசி முடிஞ்சு ரெண்டு கிழமை இருக்குமாம், கீழை இருக்கிற எனக்கே தெரியாது. நீங்கள் ஒராள் எண்டாலும் அவவை விசாரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள், அக்கா.”