சொந்த நாட்டு இருட்டு

"மாமா, மைக்கைத் தொடாதீங்க!"

பல் டாக்டர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஷாக் அடிக்கிறதாக்கும் என்று பார்த்தால், மச்சினன் மைக்கைத் தலைகீழாகப் பிடித்து அடியில் இருந்த எழுத்தைக் காட்டினான். தலைநகரத்தில் செய்த மைக்.

பல் டாக்டர்தான் தனிநாட்டுக் கட்சியின் தலைவர். தலைநகரத்தின் பிடியிலிருந்து விடுபட்டுத் தனி நாடு ஆவதே கட்சியின் லட்சியம். அது கைகூடும்வரை தலைநகரத்துப் பொருள் எதையும் கட்சிக் கூட்டத்தில் பயன்படுத்தக் கூடாது. போன வருஷம் ஏதோ ஒரு வேகத்தில் அவரே போட்ட விதி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டார், வேறென்ன!

துணைத் தலைவரான மச்சினனுக்குத் தலைவர் நாற்காலி மேல் ஒரு கண். டாக்டர் பேச்சுக்கு இதுவரை எந்தக் கூட்டத்திலும் ஒரு கைதட்டல்கூட விழுந்ததில்லை. இன்றைக்கு ராத்திரி இந்த ஹாலிலும் விழாவிட்டால் நாற்காலி கைமாறும் என்று செயற்குழு கறாராகச் சொல்லிவிட்டது.

"மைக் எதுக்கு? என் தொண்டை உள்நாட்டுத் தொண்டை" என்றார் டாக்டர்.

"இந்த ஃபேன் சத்தத்துல கேக்குமா மாமா?"

"அப்ப ஃபேனை நிறுத்து."

நிறுத்தினார்கள். வந்திருந்த கொஞ்சநஞ்சம் பேரும் வியர்த்துக் கொட்டி, வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். டாக்டர் அவசரமாகக் கையை ஆட்டிக் கத்தினார்.

"ஜன்னலையெல்லாம் திறங்கப்பா!"

திறந்தும் காற்று வரவில்லை. பின்பக்கத்துச் சாக்கடை நாற்றம்தான் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு டாக்டர் பேச்சுத் தாளைப் பிரித்தார். மச்சினன் அண்ணாந்து பார்த்தான்.

"மாமா... அந்த டியூப் லைட்டும் அவங்க ஊருதான்."

"அட கடன்காரா! இதை இப்பவா சொல்லணும்?"

"விதி உங்களோடதுதானே?"

விளக்கு அணைந்தது. கும்மிருட்டு. எழுந்து போக நினைத்தவர்களுக்கு வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

டாக்டர் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, வருவது வரட்டும் என்று தொண்டையைத் திறந்தார். "தோழர்களே! நம் உடம்பில் கடைசிச் சொட்டு ரத்தம் இருக்கும்வரை..."

பட்!

டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. "நம் ரத்தத்தை உறிஞ்சுகிறவர்களை இனியும் சும்மா விடலாமா?"

பட்! பட்! பட்! இடப்பக்கம், வலப்பக்கம், கடைசி வரிசை என்று கைதட்டல் மாறி மாறி எழுந்தது. டாக்டர் நிறுத்தவே இல்லை. மனிதர் அதுவரை தன் வாழ்நாளில் அப்படிப் பேசியதே இல்லை.

கூட்டம் முடிந்து விளக்கு எரிந்தபோது மச்சினன் கண் கலங்கி நின்றான். "மாமா, சத்தியமா சொல்றேன், சாகற வரைக்கும் நீங்கதான் தலைவர். மாசா மாசம் இதே மாதிரி இருட்டுல நடத்துவோம்."

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலைப் பூட்ட வந்த வாட்ச்மேனைத் தோளில் தட்டினார்.

"எப்படிய்யா நம்ம கைதட்டல்? இந்த ஹால்ல யாருக்காவது இப்படி விழுந்திருக்கா?"

"கைதட்டலா?" வாட்ச்மேன் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டே சொன்னான். "ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டா வேற என்ன பண்ணுவாங்க, பாவம்? எல்லாரும் கொசு அடிச்சாங்கய்யா!"