அட்டையண்ணனும் ஒரு குளியலறைக் கதவும்

எங்கள் அட்டையண்ணன் அட்டையில் செய்து பார்க்காமல் செய்த ஒரே காரியம் கல்யாணம்தான். அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

முதியவர்களுக்கான வீட்டுச் சாமான்களை வடிவமைக்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. மற்றவர்கள் கணினியில் வரைவார்கள். இவர் லிட்டில் இந்தியா காய்கறிக் கடைகளில் காலிப் பெட்டிகளை அள்ளி வந்து, முழு அளவில் வெட்டி ஒட்டி, "உக்காந்து பாரு" என்பார். உட்கார்ந்தால் வெங்காய வாடை அடிக்கும். அவர் வீட்டில் செய்துவைத்த அட்டை சோபாவை நிஜமென்று நம்பிய செம்பவாங்கில் இருக்கும் சம்பந்தி, நேராகத் தரைக்கே போய்விட்டார். அவரைத் தூக்குவதற்கு முன், எந்த மடிப்பு கிழிந்தது என்று அண்ணன் பென்சிலால் குறித்துக்கொண்டாராம்.

அப்புறம் அண்ணனின் மனைவிக்கு, எங்களுக்கெல்லாம் அக்கா, பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புக்கிட் பாஞ்சாங்கில் அவர்கள் வீட்டுக் குளியலறைக்குள் சக்கர நாற்காலியைத் தள்ளினால் கதவைச் சாத்த முடியாது. பணிப்பெண் குளிப்பாட்டி முடிக்கும்வரை ஹாலில் இருப்பவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் பார்க்கப் போனபோது அக்கா குழறிக் குழறிச் சொன்னார்: "தம்பி, எனக்கு நடக்கக்கூட வேணாம். கதவச் சாத்திட்டுக் குளிக்கணும். அவ்வளவுதான்."

மறுநாளே அண்ணன் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"உன் உயரம் என்ன?"

"அஞ்சடி ரெண்டு."

"அவ உயரந்தான். எந்திரி."

ஆபீசின் ஒரு மூலையில் அந்தக் குளியலறையையே அட்டையில் கட்டினார், கதவோடு. அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு நாற்காலியையும் அட்டையில் மாற்றி மாற்றிச் செய்தார். என் வலது கையை உடம்போடு சேர்த்து டேப் போட்டு, அதில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவார். பார்சல் கொண்டுவந்தவர் என் கோலத்தைப் பார்த்து, போலீசைக் கூப்பிடவா என்று கேட்டார்.

"முட்டி இடிக்குதுண்ணே!"

"எவ்வளவு?"

"வலிக்கிற அளவுக்கு!"

"மில்லிமீட்டர்ல சொல்லு."

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "கதவு தொறந்தே இருக்கட்டும் லா. விழுந்தா யாரு பாக்குறது? சேஃப்டி முக்கியம்." அண்ணன் அடுத்த பெட்டியை வெட்டினார்.

பதினோராவது நாற்காலியில் கதவைச் சாத்த முடிந்தது. அவர் வந்து திறக்கவில்லை. நானே ஒற்றைக் கையால் கதவைத் திறந்து பார்த்தேன். மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அட்டை தண்ணீர் தாங்காது. அலுமினியத்தில் செய்ய இரண்டு மாதம் என்றார்கள். ஆறாவது வாரம் அக்காவுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. போய்விட்டார்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே கிடத்தியிருந்தார்கள். நீராட்ட வேண்டிய நேரம் வந்ததும், வழக்கம்போலப் பெண்கள் நாலு பேர் சேலைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். காற்றில் சேலை விலகியது. பக்கத்து நடைபாதையில் எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் லிஃப்டில் ஏறினார். அழப் போகிறார் என்று நினைத்தோம். கத்தியும் டேப்பும் பெரிய பெரிய அட்டைகளுமாக இறங்கி வந்தார்.

"அண்ணே, எரிக்கிறதுக்கு டைம் குடுத்திருக்காங்க, லேட்டாயிடும் லா" என்றார் ஈமச்சடங்கு செய்ய வந்தவர்.

"பத்து நிமிஷம்."

"இந்தாளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று அக்காவின் தம்பி வாய்விட்டே சொன்னார். நான் போய் அட்டையைப் பிடித்தேன். இரண்டு தூண்களோடு சேர்த்து நாலு சுவர் எழுப்பி, ஒன்றில் கதவு வெட்டி, இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பெண்களை உள்ளே அனுப்பி, கதவைச் சாத்தினார்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அட்டையின் அடிப்பக்கம் நனைந்து இளகத் தொடங்கியது. நான் ஒரு சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் பதித்து, நெற்றியை அதில் வைத்துக்கொண்டார்.

"சாத்திட்டேன்டி" என்றார். "நிதானமாக் குளி."

அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. சுவரை விட்டால் விழுந்துவிடும் என்பதால் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன்.