எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ரயில் விபத்து

பெண் பார்க்க வந்த அன்றே வருங்கால மாமனாரின் தலையைத் துண்டாக்கிய பெண் தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (களிமண் தலைதான். ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன தலை.) இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்று வெட்கம் இருந்தது, ஆனால் பிடிவாதம் அதைவிட அதிகமாக இருந்தது.

2005-ல் எனக்கு இருபத்து நான்கு வயது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு (இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள், பின்னால் என்னைத் திட்ட உதவும்) மரக்காணத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சேகரும் அங்கேதான் வேலை பார்த்தார். ஒரு வருஷம் பேசிப் பழகிவிட்டு, கல்யாணம் செய்துகொள்கிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தும் என் அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் "பையன் நல்லா சாப்புடுவானா?" என்று கேட்டார். சம்மதம் என்று அர்த்தம். சிக்கல் சேகர் வீட்டில்தான்.

சேகரின் அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். திண்டிவனத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. ஜாதகம் பார்த்தார், பொருந்தியது. என் படிப்பும் பிடித்தது. கடைசியாக ஊர் எது என்று கேட்டிருக்கிறார்.

"மரக்காணமா? அங்க ஸ்டேஷனே கெடையாதேடா!"

"பஸ் இருக்குதுப்பா. நெறைய பஸ் இருக்குது."

"முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேல இருந்துட்டு, சம்பந்தி வூட்டுக்கு நான் பஸ்ல தொங்கிக்கினு போவணுமா? பாஸ் வெச்சிருக்கேன்டா நானு!"

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மனிதர் மூன்று மாதம் அசையவில்லை. ரயில் வராத ஊர்க்காரர்களுக்கு நேரம் காலம் தெரியாது, ஒழுங்கு இருக்காது, தப்பு செய்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு கொள்கை வேறு வைத்திருந்தார். சேகரின் அம்மா அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகுதான், ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வர ஒப்புக்கொண்டார். "பாக்கறது மட்டும்தான். முடிவு அப்பறம்" என்றாராம்.

எனக்குச் சுருக்கென்றது. ரயில் இல்லாத ஊரா? இருக்கட்டும். அவர் வரும்போது ரயில் இருக்கும். கையில் பத்து வாரம் இருந்தது.

அவர் பதினோரு வருஷம் வேலை பார்த்த ஒரு கிராமத்து ஜங்ஷனை அப்படியே சின்னதாகச் செய்து எங்கள் வீட்டு ஹாலில் வைப்பது என்று முடிவு செய்தேன். (ஊர் பெயர் வேண்டாம். அந்த ஸ்டேஷனைப் பற்றி யார் எழுதினாலும் மாமனார் திருத்தம் போடுவார்.) சேகர் ஞாபகத்திலிருந்து ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதில் எல்லா இடத்திலும் பக்கோடா கடைதான் இருந்தது. எனவே நானே லீவு போட்டுப் போனேன். ஒரு நாள் முழுக்க பிளாட்பாரத்தில் அங்கும் இங்கும் நடந்து, பெஞ்சுகளை எண்ணி, சிக்னல் கைகாட்டி மரங்களை வரைந்து, தண்ணீர்த் தொட்டியைக் காலடியால் அளந்தேன். டீ விற்பவர் நாலு தடவை என்னைக் கடந்து போனார். ஐந்தாவது தடவை நின்று, "வூட்ல கோச்சிக்கினு வந்துட்டியாம்மா?" என்று ஒரு பன் கொடுத்தார்.

பொம்மை ரயில் கிடைத்தது புதுச்சேரி பக்கத்தில், குயிலாப்பாளையத்தில். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரர், கெஸ்ட் ஹவுஸ் வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். பித்தளைத் தண்டவாளம், ஒரு இன்ஜின், நாலு பெட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கரண்ட் பெட்டி. தண்டவாளத்தின் வழியாகவே கரண்ட் போய் இன்ஜினை ஓட்டும். மூட்டை கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது, கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. ஹாலில் இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பிளைவுட். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஸ்டேஷன் கட்டடம். பால் பவுடர் டப்பா மூடியில் தண்ணீர்த் தொட்டி. சைக்கிள் ஸ்போக்கில் கைகாட்டி. உப்பளத்து ஓரத்தில் முளைக்கிற உமரிச் செடியைக் காயவைத்து, பச்சை பெயின்ட் அடித்து மரங்கள். பிளாட்பாரத்தை மைதா பசையில் ஒட்டினேன். "ஊர்ல பொண்ணு பாக்க வந்தா கேசரி கிண்டுவாங்க. என் வூட்ல பசை காய்ச்சறாங்க" என்று அம்மா தினமும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பல் தேய்ப்பாள்.

கடைசியாக, ஸ்டேஷன் மாஸ்டர் ரூம் வாசலில் நிற்க களிமண்ணில் ஒரு ஆளைச் செய்தேன். வெள்ளை யூனிஃபார்ம், கையில் பச்சைக்கொடி, மீசை. சேகர் பார்த்துவிட்டு "எங்கப்பாவே தான்" என்றார்.

பாக்கி இருந்தது ஜல்லி. தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருக்குமே, அது. மணல் ரொம்பப் பொடியாக இருந்தது. செங்கல்லை உடைத்தால் சிவப்பாகிவிட்டது. அன்று அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்தியிலிருந்து அப்போதுதான் வாரிப் போட்டிருந்த உப்பு, சேறு கலந்து சாம்பல் நிறத்தில், கல்லு கல்லாக வரப்பில் கிடந்தது. அச்சு அசல் ரயில்வே ஜல்லி! அவர்கள் ஊர் ரயில், எங்கள் ஊர் உப்பின்மேல் ஓடும். இதைவிடப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் இருக்கிறது?

அப்பா சொன்னார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

"ஏம்மா, புது உப்பு வேர்க்கும். பழைய அம்பாரத்துல இருந்து எடுத்துக்க."

"அது வெள்ளையா இருக்குதுப்பா. ஜல்லி வெள்ளையாவா இருக்கும்?"

"வேர்த்துச்சுன்னா தண்ணியா நிக்கும்மா."

"நான் பாத்துக்கறேன்."

உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும் என்பதை மூன்று வருஷம் படித்து, பரீட்சையில் படம் போட்டு, பாகங்களைக் குறித்து மார்க் வாங்கியவள் பேசிய பேச்சு இது. (இப்போது திட்டிக்கொள்ளலாம்.)

வெயில் அடித்தவரை ரயில் பிரமாதமாக ஓடியது. தெருவே வந்து பார்த்தது. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை, ஸ்டேஷன்மேல் மூடியிருந்த போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். ஜல்லி பளபளவென்று இருந்தது. துண்டால் ஒற்றினேன். மேஜை ஃபேனைத் திருப்பி வைத்தேன். விசிறியால் வீசினேன். ஃபேனுக்கு நேராக இருந்த ஒரு முழம் மட்டும் காய்ந்தது, மற்ற உப்பு அசரவில்லை. நிறுத்தியிருக்கலாம். வெறுமனே பார்வைக்கு வைத்திருக்கலாம். பத்து வாரம் உழைத்தவளுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

பதினொரு மணிக்கு வந்தார்கள். சேகரின் அப்பா சட்டையெல்லாம் கசங்கி, "பஸ்ஸு நாப்பது நிமிஷம் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். நான் காபி தட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு நேராகப் போய்ப் போர்வையை இழுத்தேன்.

சேகரின் அப்பா கிட்டே வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், பெஞ்சுகளை விரல் விட்டு எண்ணினார், வாசலில் நின்ற மீசைக்காரரிடம் வந்து நின்றுவிட்டார். அவர் மூக்கு லேசாகச் சிவந்தது. அந்த நிமிஷத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும்.

"ஓடுமாம்மா?" என்றார்.

"ஓடும் சார்!"

கரண்ட் பெட்டியின் குமிழைத் திருகினேன். ரயில் அசையவில்லை. இன்னும் திருகினேன். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாய்க் கொப்புளம் கிளம்பி, புஸ்ஸென்று சத்தம் வந்தது. பிளீச்சிங் பவுடர் நாற்றம் அடித்தது. பித்தளை ஓரமெல்லாம் பச்சையாய் நுரைத்தது. "ஏண்டி, ஸ்டேஷன் கொதிக்குதுடி!" என்றாள் அம்மா. சேகர் கண்ணால் வேண்டாம் என்றார். நான் குமிழைக் கடைசிவரை திருகி, இன்ஜினை விரலால் ஒரு தள்ளு தள்ளினேன்.

ஃபேன் காற்றில் காய்ந்திருந்த இடத்துக்குப் போனதும் அதற்கு உயிர் வந்தது. முழு வேகத்தில் பறந்தது. வளைவில் உப்பு கரைந்து தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் தாவி, ஊறிப்போன பிளாட்பாரத்தைப் பிய்த்துக்கொண்டு, பச்சைக்கொடி காட்டிக்கொண்டிருந்த ஸ்டேஷன் மாஸ்டர்மேல் ஏறியது. தலை மட்டும் தனியாக உருண்டு வந்து, நிஜ ஸ்டேஷன் மாஸ்டரின் கால் பெருவிரல் பக்கத்தில் நின்றது. கரண்ட் பெட்டி புகைந்தது. வீட்டு ஃபியூஸ் போனது.

"அய்யோ, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல!" என்று சேகரின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். என் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் தலையைப் பொறுக்கக் குனிந்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று தெரிந்துவிட்டது.

"யாரும் எதையும் தொடக் கூடாது!"

சேகரின் அப்பா குரல்தான். அப்படியொரு குரலை எங்கள் வீடு கேட்டதில்லை. "விபத்து நடந்த எடம். விசாரண முடியறவரைக்கும் எல்லாம் அப்படியே கெடக்கணும். ஒரு பேப்பர் குடுங்க."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முதல் சாட்சி அம்மா. "நான் மொதல்லயே கேசரி கிண்டலாம்னு சொன்னேங்க" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார். ஜல்லி உப்பு என்று அவளிடமே தெரிந்துகொண்டு, அடுத்து என் அப்பாவைக் கூப்பிட்டார்.

"உப்பு வேர்க்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக உப்பு விற்று எடையில் ஒரு பொய் சொல்லாத மனிதர். "இல்லீங்க. நாந்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "சொன்னாரு சார். ரெண்டு தடவ சொன்னாரு. நான்தான் கேக்கல. காலைல ஈரம் இருந்ததும் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டினேன். தப்பு என்னுது." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பேனா நின்றது.

"முப்பத்தெட்டு வருஷத்துல எத்தனையோ விசாரண பாத்திருக்கேன்" என்றார் என் அப்பாவிடம். "டிரைவரு சிக்னல் மேல போடுவான். சிக்னல்காரன் லைன்காரன் மேல போடுவான். லைன்காரன் மழ மேல போடுவான். தப்பு என்னுதுன்னு சொன்ன ஆள இப்பத்தான் சார் பாக்கறேன்."

பிறகு எழுதி முடித்து, சத்தமாகப் படித்தார். "பணியிலிருந்த ஸ்டேஷன் மாஸ்டர் தலையை இழந்துவிட்டபடியால் அவரிடம் வாக்குமூலம் பெற இயலவில்லை. உப்பை அகற்றி உண்மையான ஜல்லி போட வேண்டியது அந்தப் பெண்ணின் பொறுப்பு. தலையை ஒட்ட வேண்டியது என் பொறுப்பு. வரும் ஞாயிறு முதல் பணி தொடங்கும்."

"அப்ப கல்யாணம்?" என்றார் சேகரின் அம்மா.

"தைல வெச்சிக்கலாம். மழ நின்னுரும்."

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கி பஸ்ஸில் வந்தார். 2006 தையில் கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த விசாரணைப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. பால் பொங்கினால், சாவி தொலைந்தால், "யாரும் தொடக் கூடாது!" என்று பேப்பரோடு வந்துவிடுவார். எல்லாவற்றிலும் நான் "தப்பு என்னுது" என்று சொன்னதாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால் அடுப்பு பற்றவைக்க விடமாட்டார்.

போன வருஷம் அவரே மிக்ஸி ஜாடியைக் கீழே போட்டு உடைத்தார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, பேப்பரை எடுத்து, "சொல்லுங்க மாமா, எப்படி நடந்துச்சு?" என்றேன். வீடே காத்திருந்தது. மாமனார் தொண்டையைச் செருமினார்.

"ஜாடி ஏற்கெனவே விரிசல் வுட்டிருந்துச்சும்மா. மெயின்டனன்ஸ் சரியில்ல."

எங்கள் வீட்டு மெயின்டனன்ஸ் மாமியார்தான். அவர் மூன்று நாள் மாமனாரோடு பேசவில்லை.