கைப்பிடியில் ஒரு முலாம்பழம்

காலையில் கதவைத் திறந்தபோது கைப்பிடியில் ஒரு முலாம்பழம் தொங்கியது.

ஓயுனாவுக்குத் தலைகால் புரியவில்லை. மங்கோலியாவிலிருந்து படிக்க வந்து கனசாவாவில் குடியேறிச் சில வாரங்கள்தான் ஆகின்றன, அதற்குள் முலாம்பழம். ஜப்பானில் அதை வண்டியில் வைத்துக் கூவி விற்பதில்லை. பட்டுத்துணி மேல் உட்கார வைத்து, விளக்குப் போட்டு விற்கிறார்கள்.

அப்புறம்தான் பதிலுக்கு என்ன கொடுப்பது என்ற கவலை வந்தது. தோல்கோருக்குப் போன் போட்டாள். தோல்கோர் அவள் ஊர்க்காரி, கல்லூரியில் மூத்தவள், ஜப்பானிய மரியாதையெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று நினைப்பவள்.

"அக்கா, பக்கத்து ரூம்லேர்ந்து முலாம்பழம் வந்திருக்கு."

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"நீங்க சொன்னதைத்தான். குடிவந்த அன்னிக்குப் பக்கத்து ரூம் கைப்பிடில ஒரு துண்டு மாட்டினேன். ஆரஞ்சு வந்துச்சு. ஆரஞ்சுக்கு பிஸ்கட் குடுத்தேன். பிஸ்கட்டுக்கு இது."

"இங்கெல்லாம் வாங்கினதுல பாதி மதிப்புக்குத்தான் திருப்பிக் குடுப்பாங்க. குறைஞ்சு குறைஞ்சு தானா நின்னுடும்."

"அதை அவங்களுக்கு யாரு சொல்றது? ஏறிக்கிட்டே போகுதே."

"பெரிய குடும்பத்து அம்மாவா இருப்பாங்க. குடுக்காம விட்டுடாதே. வந்த உடனே நன்றிகெட்டவள்னு பேரு வாங்காதே."

அந்த அம்மாவை ஓயுனா பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பூனை மாதிரி நடப்பார். கதவைத் தட்டித் தொந்தரவு செய்வது மரியாதையில்லை என்று தோல்கோர் சொல்லியிருந்ததால், போக்குவரத்தெல்லாம் கைப்பிடி வழியாகத்தான். ஆனாலும் இந்த ஊரில் தன்னை நினைத்து ஒரு பொருள் வாங்கும் ஒரே ஜீவன் அவர்தான். அவரிடம் கெட்ட பெயர் வாங்க ஓயுனாவுக்கு மனம் வரவில்லை.

தெருமுனை இனிப்புக் கடைக்கு ஓடினாள். கடைக்காரி தொகுராம்மா தேன் கேக்கை எடுத்து வைத்துக் காகிதம் மடித்தாள்.

"பக்கத்து வீட்டுக்கா?"

"ஆமாம்மா."

"நல்ல பிள்ளைங்க," என்று தொகுராம்மா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கேக்குக்குப் பதிலாகத் தேயிலை வந்தது. அதே கடைக் காகிதம். அந்த அம்மாவுக்கு என்ன ரசனை என்று ஓயுனா பூரித்துப்போனாள். ஆனால் டப்பாவைச் சுற்றி ஒரு பட்டுத்துணியும் இருந்தது.

"துணியைத் திருப்பிக் குடுத்துடணும். வெறுந்துணியாக் குடுத்தா அசிங்கம்," என்றாள் தோல்கோர்.

துணிக்குள் அரிசி அப்பளம் ஒரு பெரிய டின் போனது. மறுநாள் ஒரு வெள்ளை ஆர்க்கிட் செடி தொட்டியோடு வந்து நின்றது.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று ஓயுனா உட்கார்ந்தாள். போனைப் பார்த்துப் பார்த்து ஜப்பானிய மொழியில் எழுதினாள்: 'தங்கள் அன்பே போதும். தயவுசெய்து இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.' சீட்டை மட்டும் எப்படி மாட்டுவது என்று கூடவே ஒரு குடையையும் மாட்டினாள்.

சாயங்காலம் கைப்பிடியில் பை ஒன்று அசைந்தது. காற்று இல்லை. உள்ளே கால் கட்டிய நண்டு ஒன்று அவளை முறைத்தது.

"வேண்டாம்னு எழுதினியா?" தோல்கோர் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது. "வேண்டாம்னு சொன்னா நிறுத்திடுவாங்களா? அவங்களுக்கு வைராக்கியம்தான் வரும்."

ஓயுனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கையில் காசில்லை. காலையும் மாலையும் முலாம்பழமே சாப்பாடு. நண்டு குளியல் தொட்டியில். ஆனால் தோற்கவும் மனமில்லை. பெட்டியின் அடியில் அம்மா கட்டிக் கொடுத்த காய்ந்த தயிர்க்கட்டி இருந்தது. கல் மாதிரி இருக்கும். வாயில் அடக்கிக்கொண்டு ஊர்க்கதை பேச வேண்டும். பேச ஆள் கிடைக்கட்டும் என்று பிரிக்காமலே வைத்திருந்தாள்.

அதையே கொடுத்துவிடலாம். இந்தத் தடவை கதவைத் தட்டி, நேரிலேயே.

"தொகுராம்மா, காலி டப்பா ஒண்ணு குடுங்க. எங்க ஊர் தயிர் இருக்கு. அதைக் குடுத்துட்டு அவங்க கால்லயே விழுந்துடப் போறேன். இந்த ஜப்பான்காரம்மாவை நிறுத்த எனக்கு வேற வழி தெரியல."

"எந்த ஜப்பான்காரம்மா?"

"எங்க பக்கத்து ரூம். மாடில, படிக்கட்டை ஒட்டி."

தொகுராம்மா மடித்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ரூம் வியட்நாம் பையன் இப்பத்தான் 'பக்கத்து ரூம் ஜப்பான்காரம்மாவை எப்படி நிறுத்துறது'ன்னு கேட்டு அழுதுட்டுப் போறான், ஜப்பான்காரங்க நாங்க இந்த வழக்கத்தையெல்லாம் விட்டு எவ்வளவோ வருஷம் ஆச்சேம்மா!"