அவைக் குறிப்பில் ஓர் அத்தை

"சார், நாளைக்கு மேலவையில கேள்வி நேரம். முதல் கேள்வியே நம்ம துறைக்குத்தான்" என்று தனிச் செயலர் தொலைபேசியில் சொன்னபோது துணை அமைச்சர் பதறவில்லை. போக்குவரத்துத் துறைக்கு வந்த நாளிலிருந்து கேள்விகளைக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தோல் தடித்துப் போயிருந்தது.

"என்ன கேள்வி?"

"தேசிய நடைபாதைக் கொள்கை எந்த நிலையில இருக்குன்னு."

"பரிசீலனையில இருக்குன்னு எழுதிடுங்க."

"எழுதியாச்சு சார். பதில்ல பிரச்சினை இல்லை. கேட்டவங்க யாருன்னுதான்..." செயலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க மாமியார் சார்."

துணை அமைச்சர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்புறம் மாமியார் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மாமியார் எதிர்க்கட்சி. ஒரு காலத்தில் குற்றவியல் வழக்கறிஞர். அவருடைய குறுக்கு விசாரணையில் மாட்டிய சாட்சிகளுக்குத் தங்கள் சொந்தப் பெயரிலேயே சந்தேகம் வந்துவிடும் என்பார்கள். நீதிமன்றத்தை விட்டதும் கட்சி அவரை மேலவைக்கு அனுப்பியது. உறுப்பினர் குடியிருப்பில் கூரை ஒழுகி மராமத்து நடப்பதால் இந்தக் கூட்டத்தொடர் முழுக்க மகள் வீட்டில்தான் ஜாகை. "வீட்டுக்குள்ள அரசியல் கிடையாது" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மனமார ஆதரித்த ஒரே எதிர்க்கட்சித் தீர்மானம் அதுதான்.

"அத்தை, நாளைக்கு அந்த நடைபாதை..."

"ரொட்டி ஆறுது மாப்பிள்ளை, சாப்பிடுங்க."

"இல்ல, ஒரு வார்த்தை..."

"வீட்ல அரசியல் பேசறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்ல?" மாமியார் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்தே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு.

எழுதிக் கொடுத்த பதிலை வாசிப்பது பெரிய விஷயமில்லை. அதற்குப் பின்னால் எழுந்து கேட்கும் துணைக் கேள்விகள்தான் ஆபத்து. அவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். போதாக்குறைக்குப் பிரதமர் சீக்கிரமே அமைச்சரவையை மாற்றப் போவதாகப் பேச்சு. பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'துணை' இந்த முறையாவது உதிரும் என்று அவர் காத்திருந்தார். இந்த நேரம் பார்த்து அவையில் அசடு வழிந்தால் கதை கந்தல்.

படுக்கையறைக்குப் போய் மனைவியைப் பிடித்தார்.

"உங்கம்மா என்ன துணைக் கேள்வி கேக்கப் போறாங்கன்னு நைஸா விசாரிச்சுச் சொல்லேன்."

"நான் என்ன உளவுத்துறையா?"

"புருஷன் மானம் போனா உனக்குப் பரவாயில்லையா?"

மனைவி முணுமுணுத்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். "சைக்கிளாம். நடைபாதை மேல சைக்கிள் ஓட்டலாமா கூடாதான்னு கேப்பாங்களாம்."

துணை அமைச்சருக்கு உயிர் வந்தது. அதிகாரிகளை வரவழைத்தார். சைக்கிள் பற்றி உலகத்தில் அறிய வேண்டியதையெல்லாம் ஒரே மாலையில் கரைத்துக் குடித்தார். அப்படியும் மனசு ஆறாமல், காலையில் மூத்த அமைச்சருக்குத் தொலைபேசினார். "ஐயா, இன்னைக்கு ஒரு நாள் நீங்களே பதில் சொல்லிடுங்களேன்."

"கேட்டது உன் மாமியாராமே?"

"ஆமாங்க ஐயா."

"குடும்ப விஷயத்துல நான் தலையிட மாட்டேன்யா" என்று மூத்த அமைச்சர் இணைப்பைத் துண்டித்தார்.

மேலவை அன்று நிரம்பியிருந்தது. பார்வையாளர் மாடத்தில் மனைவி, இரண்டு தரப்பும் சொந்தம் என்பதால் யாரைப் பார்த்தும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். துணை அமைச்சர் எழுந்து, கொள்கை பரிசீலனையில் இருப்பதாக வாசித்துவிட்டு அமர்ந்தார். மாமியார் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே, துணை அமைச்சர் அவர்கள் கடைசியாக ஒரு நடைபாதையில் நடந்தது எப்போது?"

துணை அமைச்சர் தயாராக வைத்திருந்த பதிலை எடுத்துவிட்டார். "சைக்கிளைப் பொறுத்தவரை அரசின் நிலைப்பாடு..."

அவை சிரித்தது.

"சைக்கிளை நான் கேட்கவில்லை. நடந்தாரா என்று கேட்டேன்."

"அது வந்து அத்தை..."

ஒலிவாங்கி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. 'அத்தை' கூரை வரை போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது.

பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. ஒரு சின்னக் கட்சியின் ஒரே உறுப்பினர் அவர். கட்சி சிறியதாக இருந்தாலும் குரல் பெரியது, அதனால் எல்லோரும் அவரை இடிமுழக்கம் என்றே அழைத்தார்கள்.

"கேட்பவர் மாமியார்! பதில் சொல்பவர் மாப்பிள்ளை! இது கேள்வி நேரமா, குடும்ப விருந்தா? வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு இங்கே வந்து நாடகம் போடுகிறார்கள்!"

அவை இரண்டுபட்டது. 'அத்தை' என்ற சொல்லை அவைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றது ஆளுங்கட்சி. அதுவே சாட்சி, நீக்கக் கூடாது என்றார் இடிமுழக்கம். அவைத் தலைவர் பக்கத்திலிருந்த அதிகாரியோடு கிசுகிசுத்துவிட்டு, "அத்தை என்பது தகாத சொற்களில் வரவில்லை. எனவே அத்தை இருப்பார்" என்று தீர்ப்பளித்தார்.

பழியைத் துடைத்தாக வேண்டும் என்ற வேகத்தில் துணை அமைச்சர் மேசையைக் குத்தினார். "மாண்புமிகு உறுப்பினருக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது!"

மாடத்தில் மனைவி எழுந்து நின்றாள்.

பின்னாலிருந்த அதிகாரிகள் அவசரமாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். 'மேடம் மேலே இருக்காங்க சார்.'

"அதாவது, இந்த அவைக்குள் உறவு கிடையாது! அவைக்கு வெளியே நல்ல உறவு!"

"உறவில்லை என்று அவரே சொல்லிவிட்டதால் நான் தயங்காமல் கேட்கலாம்" என்றார் மாமியார் குளிர்ந்த குரலில். "துணை அமைச்சரின் வீடு இங்கிருந்து நடக்கக்கூடிய தூரம்தான். தினமும் காரில் வருகிறார். நடைபாதையில் காலே வைக்காதவர் நடைபாதைக்கு எப்படிக் கொள்கை வகுப்பார்?"

இரண்டு பக்கமும் மேசைகள் தட்டப்பட்டன. சொந்தக் கட்சிக்காரர்கள்தான் கூடுதல் சத்தமாகத் தட்டினார்கள்.

அடுத்த சீட்டு வந்தது. 'ஆவன செய்யப்படும் என்று சொல்லிவிட்டு உட்காரவும்.' அவர் சொன்னார். உட்கார மறந்துவிட்டார்.

"எப்போது?" என்று இடித்தது முழக்கம்.

"விரைவில்."

"விரைவில் என்றால்?"

"இந்தக் கூட்டத்தொடர் முடிவதற்குள்!"

அதிகாரிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"அதுவரை?" மாமியார் கிட்டத்தட்டப் பிரியமாகக் கேட்டார்.

அந்தக் குரலில்தான் துணை அமைச்சர் நிலை தவறினார். "அதுவரை நானே நடக்கிறேன்! வீட்டிலிருந்து அவைக்கு, அவையிலிருந்து வீட்டுக்கு! தினமும்! போதுமா?"

"உறுதிமொழியாகப் பதிவு செய்யப்படுகிறது" என்றார் அவைத் தலைவர்.

அவையில் கொடுத்த உறுதிமொழியை மீறினால் உரிமை மீறல். விசாரணைக் குழு வரும். 'துணை' உதிர்வது இருக்கட்டும், 'அமைச்சர்' உதிர்ந்துவிடும்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். "எங்கம்மாவுக்கும் உங்களுக்கும் உறவு இல்லைன்னா நான் யாரு?"

"நீ சைக்கிள்னு சொன்னியே!"

"அவங்க சொன்னதைச் சொன்னேன்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "சீக்கிரம் படுங்க மாப்பிள்ளை. காலையில நடக்கணும்ல?"

முதல் நாள் நடை பெரிய கூத்தாக இருந்தது. கொஞ்ச தூரம் நடைபாதை, அப்புறம் அதன்மேல் ஒரு வேன். இறங்கினார். ஏறினார். கடைக்காரர் ஒருவர் பெயர்ப் பலகையை நடைபாதைக்கு நடுவில் நிறுத்தியிருந்தார். அதைச் சுற்றிப் போனால் மின்பெட்டி. இடிமுழக்கத்தின் ஆட்கள் பின்னாலேயே வந்து, "சாலையில காலை வெச்சுட்டார்!" என்று கூவினார்கள். முதுகில் வியர்வை ஆறாக ஓடியது.

பக்கத்தில் ஒரு கார் மெதுவாக வந்தது. கண்ணாடி இறங்கியது. மாமியார்.

"பார்த்து வாங்க மாப்பிள்ளை, முன்னால குழி இருக்கு."

"நீங்க மட்டும் கார்ல போறீங்களே!"

"நான் உறுதிமொழி கொடுக்கலையே" என்றார் மாமியார். கண்ணாடி ஏறியது.

மறுநாள் கால் கெஞ்சியது. திருப்பத்தில் நின்ற ஓட்டுநரிடம் கண்ணைக் காட்டி, காருக்குள் நழுவினார். இடிமுழக்கத்தின் ஆட்கள் அந்த நொடியிலேயே படம் எடுத்துவிட்டார்கள். மாலைப் பத்திரிகையில் அவருடைய ஒரு கால் காருக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக வந்தது. பழியிலிருந்து தப்ப, "நாளை முதல் மதியச் சாப்பாட்டுக்கும் நடந்தே வீட்டுக்குப் போய் வருவேன்" என்று அறிக்கை விட்டார். ஆக, நடை இரண்டு மடங்கானது.

ஆனால் நடக்க நடக்க அவருக்குக் கோபம் வர ஆரம்பித்தது, மாமியார் மேல் அல்ல. ஒரு தாய் குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு முன்னால் இறங்கியதைப் பார்த்தார். கைத்தடியோடு வந்த ஒருவர் தினமும் அதே கம்பத்தில் முட்டிக்கொண்டு, அதனிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதைப் பார்த்தார். நின்ற இடத்திலிருந்தே அதிகாரிகளை அழைத்தார். "இந்தக் கம்பத்தை இங்க நட்டது யாரு? வந்து நீங்களே ஒரு தடவை முட்டிப் பாருங்க!" பல ஆட்சிகளாகப் பரிசீலனையில் கிடந்த கொள்கை வரைவை முதல் தடவையாக ஒருவர் வாசித்தார். அடித்தார், திருத்தினார், அதிகாரிகளைத் தூங்கவிடவில்லை.

கூட்டத்தொடரின் கடைசி நாள் தேசிய நடைபாதைக் கொள்கை மேலவையில் தாக்கலானது. எதிர்க்கட்சி வரிசையில் மாமியார் மட்டும் மேசையைத் தட்டினார். அமைச்சரவை மாற்றமும் வந்து போனது. 'துணை' அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பதவி தப்பியது, அதுவே பெரிய காரியம்.

மாமியார் தன் குடியிருப்புக்குத் திரும்பினார். காரும் திரும்பி வந்தது. ஒரு நாள் காலையில் அதில் ஏறப் போனபோதுதான் கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவியது. இன்னொன்றை மாட்டினார். அதுவும் நழுவியது. துணை அமைச்சருக்குத் திகில் பிடித்தது. ஏதோ பெரிய வியாதி என்று முடிவு கட்டி, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு குடும்ப மருத்துவரிடம் ஓடினார்.

"பாருங்க டாக்டர், எப்படி இளைச்சுட்டேன்! எல்லாம் எங்க அத்தையால. நாலு பேர் முன்னால மடக்கி மடக்கிக் கேட்டு, மானத்தை வாங்கி, தெருத்தெருவா நடக்க விட்டு, என் அரசியல் வாழ்க்கையையே முடிக்கப் பார்த்தாங்க."

மருத்துவர் பரிசோதனை முடிவுகளைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சர்க்கரை இறங்கியிருக்கு, கொழுப்பு இறங்கியிருக்கு. இதய மாத்திரையைக்கூடப் பாதியாக்கிடலாம். நடங்க நடங்கன்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா? கூட்டத்தொடர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க அத்தை கவலையா வந்து உக்காந்தாங்க. 'மாப்பிள்ளை யார் சொன்னா கேப்பார் டாக்டர்?'னாங்க. 'யார் சொன்னாலும் கேக்க மாட்டார், அவர் வாயாலயே நடக்கிறேன்னு சொன்னாத்தான் உண்டு'ன்னேன். 'அவ்வளவுதானே, அவையில ஒரு கேள்வி போட்டுடறேன்'னு எழுந்து போனாங்க!"